தள்ளாடும் கோடு

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். ஊரில் பிறக்கிற எந்தச் செய்தியும் முதலில் அவருடைய சுழல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும். நிலக்கரி மின் நிலையத்தை மூடப்போகிறார்கள், அதே வளாகத்தில் புது மாதிரி அணு உலை ஒன்றைக் கட்டப்போகிறார்கள் என்ற செய்தியும் அப்படித்தான் வந்தது. இருபது வருடமாக அந்த நிலையத்தில் கொதிகலனை இயக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கே தெரியாததை, மதியம் சாப்பிட வந்தவர் கைகூடக் கழுவாமல் எனக்குச் சொன்னார்.

"மருந்துக்கடைக்காரர் சொல்றாரு, அது வந்தா ஊர்ல எல்லாருக்கும் முடி கொட்டிடுமாம்."

"கொட்டினா நல்லதுதானே? உங்களுக்கு வெட்டுற வேலை மிச்சம்."

"விளையாடாதே. வேலை மிச்சமானா சோறு எங்கிருந்து வரும்?"

"முதல்ல கையைக் கழுவுங்க. சோறு தட்டுல இருக்கு" என்றேன்.

மருந்துக்கடைக்காரரையும் சொல்லிக் குற்றமில்லை. முந்தைய கோடையில் நாடே நிலைகுலைந்துதான் கிடந்தது. அணைகள் வற்றின. பட்ட காலிலே படும் என்பார்களே, அதே சமயம் பார்த்து நிலக்கரிக் கப்பல்களும் நின்றன. விற்கிற நாட்டுக்காரன் தனக்கே போதவில்லை என்று கையை விரித்துவிட்டான். காற்றாலைகள் காற்றுக்காகக் காத்து நின்றன. சூரியத் தகடுகள் பகலில் கொடுத்ததைச் சாயங்காலம் எல்லோரும் தேடினோம். மின்வெட்டில் மெஷின் நின்றுபோய், பாதி வெட்டிய தலைகளோடு ஆட்களை என் வீட்டுக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். எந்த ஒன்றை மட்டும் நம்பியும் நாடு பிழைக்காது என்று அரசாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அணையும் இருக்கட்டும், காற்றும் வெயிலும் இருக்கட்டும், கூடவே இரவு பகல் பார்க்காமல் ஓடுகிற ஒன்றும் வேண்டும் என்று முடிவானது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று முணுமுணுத்தேன். அப்புறம், இப்போதாவது செய்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

கரி ஆட்களை நடுத்தெருவில் விட மாட்டோம், விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுப்போம் என்றார்கள். விண்ணப்பித்துத் தேர்வானேன். கரி அரைக்கும் ஆலையைப் பார்த்துக்கொண்ட மீசையும் தேர்வானார். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் ஆளுக்கு முன்னால் அறைக்குள் நுழைவது அந்த மீசைதான் என்பதால் யாரும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில்லை. எங்கள் குழுவில் மூன்றாவது, அணு விஞ்ஞானம் படித்துவிட்டுக் கல்லூரியிலிருந்து நேராக வந்த ஒரு பெண். ஒரு பொட்டுக் கரித்தூள்கூட மேலே பட்டதில்லை. அவளுக்கு மீசை 'சலவை' என்று பெயர் வைத்தார். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

பழைய உதிரிபாகக் கிடங்கைக் காலி செய்து, வரப்போகும் உலையின் கட்டுப்பாட்டு அறையை அச்சு அசலாக அதற்குள் கட்டியிருந்தார்கள். எத்தனை முறை கழுவியும் சுவரில் கரி வாசனை போகவில்லை. திரைகள், பொத்தான்கள், அலாரம் எல்லாம் நிஜம். உலை மட்டும்தான் கிடையாது. அதற்குப் பதிலாக, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணினிக்கு முன்னால் பயிற்சியாளரம்மா உட்கார்ந்திருப்பார். எதைக் கெடுக்க வேண்டும், எப்போது கெடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார் என்றால் எங்களுக்கு அன்றைக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம்.

அங்கே முதலில் கற்றுக்கொடுத்தது பேசுவதற்கு. ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்; சொன்னவர் "ஆமா" என்ற பிறகுதான் கை அசைய வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"கதவைச் சாத்து" என்பார் என் வீட்டுக்காரர்.

"கதவைச் சாத்தச் சொல்றீங்க."

"அய்யோ, ஆமா தாயே! சாத்து!"

மகள் வெளியூரில் படிக்கிறாள். போனில் இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் லீவுக்கு வரவே மாட்டேன் என்று மிரட்டினாள்.

இரண்டாவதாகக் கற்றுக்கொடுத்தது சும்மா இருப்பதற்கு. அதுதான் எனக்கு வரவில்லை.

இந்த உலை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கியிருக்கும். மின்சாரம் மொத்தமாகப் போனால் அதுவே அணைந்துவிடும். ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரம் சுடுவது போல, உள்ளே சூடு மிஞ்சியிருக்கும். பழைய உலைகளில் அந்தச் சூட்டை வெளியேற்றப் பம்புகள் ஓட வேண்டும், பம்பு ஓட மின்சாரம் வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் போன உடனே ஒரு வால்வு தானாகத் திறக்கும்; சிக்கிக்கொண்டால் மட்டும் பேட்டரி வழியாகத் திறக்க ஒரு பொத்தான் உண்டு. சூடான தண்ணீர் மேலே போகும், தொட்டியில் சூட்டை விட்டுவிட்டு ஆறிக் கீழே இறங்கும், மறுபடி சூடாகி மேலே போகும். எங்கள் வேலை, அது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது மட்டும். பதறிப்போய் எதையாவது அமுக்கினால்தான் ஆபத்து.

இதை நான் வீட்டில் பெருமையாக விளக்கினேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, ஏதாவது ஆச்சுன்னா நீ என்ன செய்வே?" என்றார்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"என்னது?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதான் பாடமே."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவருக்கு என் கை வேகத்தில் தனிப் பெருமை. ஒருமுறை கொதிகலனில் தண்ணீர் மட்டம் சரசரவென்று இறங்கியபோது, மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் ஓடிப்போய் நீராவியை அடைத்தேன். மணிக்கட்டில் அந்தச் சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. சவரம் செய்ய வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையைச் சொல்வார், வருடா வருடம் கொதிகலன் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும். அப்பேர்ப்பட்டவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றால் அவருக்கு எப்படி இறங்கும்? எழுந்துபோய்க் கை கழுவினார்.

உரிமத் தேர்வு வந்தது. மூன்று பேரும் சேர்ந்து தேற வேண்டும், அல்லது மூன்று பேரும் சேர்ந்து தோற்க வேண்டும். பயிற்சியாளரம்மா மின்சாரத்தை நிறுத்தினார். அறை இருண்டு, அவசர விளக்குகள் எரிந்தன. அலாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தின. உலை அணைந்தது. வால்வு திறந்தது. தண்ணீரின் ஓட்டத்தைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து மறுபடி விழுந்தது.

கொதிகலனில் ஓட்டம் இப்படித் தள்ளாடினால் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று பொருள். உடனே வழியை அடைக்க வேண்டும். இருபது வருடம் அப்படிச் செய்த பழக்கம் என் புத்தியிடம் உத்தரவு கேட்கவில்லை.

"வழியை மூடுங்க" என்றேன்.

மீசையும் கரி ஆள்தானே? "வழியை மூடச் சொல்றீங்க" என்றார் உற்சாகமாக.

"ஆமா."

சலவை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மூடியாகிவிட்டது. சூட்டின் எண் மெதுவாக ஏறத் தொடங்கியது. பயிற்சியாளரம்மா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"பம்பு தள்ளுற தண்ணி நேரா ஓடும். தானா கிளம்புற தண்ணி கொஞ்ச நேரம் தள்ளாடித்தான் ஓடும். குழந்தை எழுந்து நிக்கப் பாக்கும்போது தள்ளாடுதுன்னு காலைக் கட்டிப் போடுவீங்களா?"

தலை குனிந்து நின்றேன். படித்த பாடம்தான். எழுத்துத் தேர்வில் இதே கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு என்றார். அதுவும் போனால் எங்கள் இடத்துக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். கரி ஆட்களுக்கு இது சரிப்படாது என்ற பேச்சு ஏற்கெனவே அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் மீசை, "விடுங்கக்கா, மூடினது நான்தானே" என்றார். அது எனக்கு இன்னும் வலித்தது.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சியாளரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் வந்திருந்தார். நல்ல மனுஷர். உங்களைப் பதிவறைக்கு மாத்திக் கொடுக்க முடியுமான்னு கேட்டார். நீங்க கேக்கச் சொன்னீங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தே சலூனுக்குப் போனேன். நாற்காலியில் மருந்துக்கடைக்காரர், முகம் முழுக்க நுரை, ஒரு பக்கம் மட்டும் மழித்திருந்தது.

"யாரைக் கேட்டு அங்க போனீங்க?"

என் வீட்டுக்காரர் கத்தியை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். மறைக்கவில்லை. அந்த மனிதருக்கு மறைக்கத் தெரியாது.

"பயமா இருக்கு. கொதிகலன்னா சத்தமாவது கேக்கும், ஓடலாம். இது கண்ணுக்கே தெரியாதாம். நீ வேற, ஏதாவது ஆச்சுன்னா ஒண்ணும் செய்ய மாட்டேன்ங்கறே. தேர்வுலயும் தப்பாயிடுச்சுன்னு வந்து அழுதே. அதான், உன்னைக் கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கலாம்னு…"

"நான் அங்க செஞ்ச அதே தப்பைத்தான் நீங்க இங்க செஞ்சிருக்கீங்க. நான் போற வழியைப் போய் மூடிட்டு வந்திருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்!"

"அம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர் நுரைக்குள்ளிருந்து, "எனக்கு இன்னும் பாதி முகம் பாக்கி இருக்கு."

சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். அவர் செய்தது அன்பால்தான் என்று தெரியும். தெரிந்ததால்தான் கோபம் ஆறவில்லை. அன்னியன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அப்புறம் பல நாட்கள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். "தண்ணி வை." "தண்ணி வைக்கச் சொல்றீங்க." "ஆமா." கட்டுப்பாட்டு அறை தோற்றது போங்கள்.

இதற்கிடையில் மருந்துக்கடைக்காரர் ஊரைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டார். "தேறிட்டாங்கன்னு நீங்களே சொல்லிக்குவீங்க. யாரு பாத்தா?" கேள்வி நியாயமானது. பாதுகாப்பு ஆணையமும் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டு, மறுதேர்வை ஊர்க்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டது. என்ன காட்டப்போகிறோம் என்று அவர்களுக்கு முன்பே விளக்கவும் செய்தார்கள். மின்சாரம் போகும், பச்சைக் கோடு எழும்பும், அது வந்தால் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். எங்களுக்குச் சொல்லாத சங்கதிகள் வேறு இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். கடைத்தெரு சார்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர். இன்னொருவர் என் வீட்டுக்காரர். வரப்போவதாக என்னிடம் சொல்லவில்லை. நானும் அவர் நின்ற பக்கம் திரும்பவில்லை.

ஆரம்பித்தது. வழக்கம்போல மின்சாரம் போனது, அலாரம் கத்தியது, உலை அணைந்தது. "வால்வு திறந்தாச்சுன்னு காட்டுது" என்றாள் சலவை. "திறந்தாச்சுன்னு காட்டுது" என்று திருப்பிச் சொன்னேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பார்க்கிறவர்களுக்குக் கேவலமாகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டும். இந்தக் கைகளை நான் நம்பத் தயாராக இல்லை.

பச்சைக் கோடு எழுந்தது. எழுந்து, கோல் வைத்து இழுத்தது போல நேராக ஓடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. யாரோ கைகூடத் தட்டினார்கள். மீசை என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். முடிந்தது என்பது போலச் சலவை நாற்காலியில் சாய்ந்தாள்.

நான் மட்டும் சாயவில்லை. போன தடவை என்னைக் கவிழ்த்த அந்தத் தள்ளாட்டம் எங்கே? அந்தக் கோட்டை நான் கனவிலும் பார்த்திருக்கிறேன், சோற்றைப் பிசையும்போதும் பார்த்திருக்கிறேன். தானாகக் கிளம்புகிற தண்ணீர் தள்ளாடித்தான் ஓடும். இது எப்படி முதல் அடியிலேயே இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது?

தொடைக்கு அடியில் கை துடித்தது. ஏதாவது அமுக்கு, ஏதாவது அமுக்கு என்றது. எதை அமுக்குவது? எனக்குத் தெரியாது. தெரியாதபோது அமுக்கக் கூடாது. உட்கார்ந்தே இருந்தேன்.

"தொட்டித் தண்ணி எவ்வளவு சூடு?" என்று கேட்டேன்.

"முன்ன இருந்த அதே சூடுதான்" என்றாள் சலவை.

"கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல்லு."

பொறுத்தோம். வெளியே முணுமுணுப்பு எழுந்தது. மறுபடி பார்த்தாள். "அதே சூடு" என்றாள், அவள் குரல் இறங்கிவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது. தண்ணீர் ஓடியிருந்தால் உலையின் சூடு தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் கோடு பொய் சொல்கிறது. அளக்கும் கருவி செத்துப்போய் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வால்வு திறந்ததாகக் காட்டியதும் பொய்; அது திறக்கவே இல்லை.

"உலைச் சூடு?"

"ஏறுது. மெதுவா."

"வால்வைத் திறங்க. பேட்டரி வழியா."

மீசை என்னை ஒரு கணம் பார்த்தார். போன தடவை மூடினவர் அவர். "வால்வைத் திறக்கச் சொல்றீங்க. பேட்டரி வழியா."

"ஆமா."

திறந்தார். நான் தொட்டியின் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் அசைந்தது. ஏறியது. அதே நேரம் பயிற்சியாளரம்மா செத்த கருவிக்கு உயிர் கொடுத்தார் போலிருக்கிறது, பச்சைக் கோடு தொப்பென்று விழுந்தது, எழுந்தது, குடிகாரன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடியது.

வெளியே கூச்சல். "அய்யோ, ஏதாவது செய்ம்மா!" என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இனிமேல் அவை எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

"இப்ப என்னக்கா?" என்றார் மீசை.

"இப்ப ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டே இருப்போம்."

கோடு தள்ளாடித் தள்ளாடி, மெல்ல நிதானத்துக்கு வந்தது. பயிற்சியாளரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நாங்கள் தேறிவிட்டோம்.

அடுத்த வாரம் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது, மருந்துக்கடைக்காரர் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரலம்மா. நாளைக்கு அந்த உலைல என்ன வெச்சிருக்காங்க, மிச்சத்தை எங்க கொண்டு போய்க் கொட்டுவாங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

"கேளுங்க. கேட்டாதான் எங்களுக்கும் தூக்கம் வராது, முழிச்சிருப்போம்" என்றேன்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தக் கோடு நேரா போனப்ப நாங்க எல்லாரும் கை தட்டினோம். உன் வீட்டுக்காரர் மட்டும் தட்டல. 'அவ தோள் தூக்கியிருக்கு, ஏதோ சரியில்ல'ன்னாரு. அப்புறம் அது தாறுமாறா ஆடினப்ப நாங்க அலறினோம். அவர் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. 'தோள் இறங்கிடுச்சு, இனிமே பயமில்ல'ன்னு. எங்களுக்குத் திரை, அவருக்கு உன் முதுகுதான் திரை."

மாத்திரையை வாங்காமலேயே வந்துவிட்டேன். தலைவலி எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மேல் வைத்திருந்த கோபமும்தான்.

உலை கட்டி முடிந்து, எரிபொருள் நிரப்பி, அதை முதல்முறையாக இயக்கும் நாள் வந்தது. காலை வேலை எங்கள் குழுவுக்கு. கரி நிலையத்துக்குப் போன காலத்தில், கிளம்பும்போது என் ஹெல்மெட் வாரைப் பிடித்து இழுத்து இறுக்கிவிடுவது என் வீட்டுக்காரரின் வழக்கம். மூச்சு முட்டும், ஆனாலும் விடமாட்டார். இந்த வேலைக்கு ஹெல்மெட் கிடையாது. வாசலில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றார்.

"ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வே?" என்றார். பழைய கேள்விதான்.

"முதல்ல பாப்பேன்."

தலையாட்டினார்.

"நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்ன செய்ய? கடையைத் திறந்து உக்காந்திருப்பேன். யார்கிட்டயும் போய் எதுவும் கேக்க மாட்டேன்." அப்புறம், "போயிட்டு வா" என்றார்.

"போயிட்டு வரச் சொல்றீங்க."

"ஆமா. வரணும்."

சொல்லிவிட்டு, பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து என் தோளில் வைத்தார். எத்தனையோ கழுத்துகளில் கத்தி வைத்த கை அது, ஒருநாளும் ஆடியதில்லை. அன்றைக்கு அது நடுங்கியது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேராக நின்றிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.